விண்மீன் வெளிச்சத்தில் காற்று பிடித்துக்கொள்ளும் பங்கு

தை மாதத்தில் இரவு பத்து மணி வாக்கில் சென்னைக் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். நல்ல உயரத்தில் சிரியஸ் பளிச்சென்று எரியும். அதற்கு நேர் கீழே, கையை நீட்டி இரண்டு சாண் இறங்கினால், தனியாக இன்னொரு விண்மீன் இருக்கும். நம் ஆட்கள் அகத்தியர் என்று சொல்லும் கனோபஸ் அதுதான். வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன். ஆனால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றும்.

அட்டவணையில் சிரியஸின் பொலிவெண், அதாவது வெளிச்சத்தைக் குறிக்கும் எண், -1.46, கனோபஸுக்கு -0.74. அதாவது சிரியஸ் ஏறத்தாழ இரண்டு மடங்கு பிரகாசம், அவ்வளவுதான். சென்னையில் நின்று அளந்தால் இந்த விகிதம் இரண்டே முக்கால் மடங்குக்குப் போகும். அட்டவணையிலும் தப்பில்லை, நம் கண்ணிலும் தப்பில்லை. இரண்டு விண்மீன்களின் ஒளியும் நம்மிடம் வந்து சேருமுன் காற்று தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. கனோபஸிடம் அதிகமாகப் பிடித்துவிடுகிறது.

வானியலில் இதற்கு எக்ஸ்டிங்ஷன் என்று பெயர். தமிழில் ஒளி இழப்பு என்று சொன்னால் போதும். விண்மீனின் உண்மையான பொலிவு வேண்டுமென்றால், காற்று பிடித்தது எவ்வளவு என்று கண்டுபிடித்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். கணக்கு என்னவோ பள்ளிக்கூடக் கணக்குதான். சேர்க்க வேண்டிய எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

முதலில் அளவுகோல். பொலிவெண் கூடக் கூட விண்மீன் மங்கல். 5 எண் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு வித்தியாசம். இந்தக் கணக்கை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861-இல் சென்னை வானாய்வகத்துக்குத் தலைமையேற்க வந்து, 1891-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். உலகம் முழுக்க இன்றைக்கும் விண்மீன் வெளிச்சத்தை அவருடைய அளவுகோலில்தான் அளக்கிறார்கள்.

இனி காற்று. தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது நடுவில் இருக்கும் காற்றின் அளவை 1 என்று வைத்துக்கொள்கிறோம். இதை ஏர்மாஸ் என்பார்கள். பார்வை சாயச் சாய ஒளி கடக்கும் பாதை நீளும். தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் ஏர்மாஸ் 2. 20 பாகையில் 2.9. 10 பாகையில் 5.6. தொடுவானத்திலேயே என்றால் கிட்டத்தட்ட 38. உச்சியிலிருந்து சாய்ந்த கோணத்தின் சீக்கண்ட் மதிப்பை எடுத்தால் பெரும்பாலும் போதும். பத்து பாகைக்குக் கீழே இறங்கினால் மட்டும் பூமி தட்டையாக இல்லை என்பது கணக்கில் வந்துவிடும், வேறு வாய்பாடு வேண்டும். அந்த உயரத்தில் அளக்காமல் இருப்பதே நல்லது, அது வேறு விஷயம்.

ஒரு ஏர்மாஸுக்கு எத்தனை பொலிவெண் போகிறது என்பதை k என்று குறிப்பார்கள். அளந்த எண்ணிலிருந்து k-யையும் ஏர்மாஸையும் பெருக்கிக் கழித்தால் காற்றுக்கு வெளியே விண்மீன் எப்படி இருக்கும் என்பது கிடைக்கும். சூத்திரம் அவ்வளவே. கடலோரத்தில் சுமாரான இரவுக்கு k 0.3 என்று வைத்துப் பார்ப்போம். சென்னையில் கனோபஸ் அதிகபட்சம் 24 பாகைதான் ஏறும், ஏர்மாஸ் 2.4, இழப்பு 0.73. சிரியஸ் 60 பாகை ஏறும், ஏர்மாஸ் 1.15, இழப்பு 0.35. டெல்லிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். அங்கே அகத்தியர் 9 பாகைகூட ஏற மாட்டார். அதே k-யை வைத்தாலும் ஏறத்தாழ 1.9 பொலிவெண் போய், இரண்டாவது பிரகாசமான விண்மீன் 1.2 என்ற சாதாரணக் கணக்கில் வந்து நிற்கும். அங்கே குளிர்காலப் புகைமூட்டத்தையும் சேர்த்தால் தெரிந்தாலே பெரிது.

சூத்திரம் எளிது என்பதால் தப்பு வராது என்று நினைக்க வேண்டாம். நான் முதன்முதலில் இந்தக் கணக்கை எக்செலில் போட்டபோது, உச்சியிலிருந்து 60 பாகை சாய்ந்த விண்மீனுக்கு ஏர்மாஸ் -1.05 என்று வந்தது. காற்று வெளிச்சத்தைக் குறைக்காமல் கூட்டுகிறது போலிருக்கிறது! அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் எக்செல் கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியனில் எதிர்பார்க்கிறது என்பது உறைத்தது. எதிர்மறை எண் வந்ததால் மாட்டினேன். 50 பாகைக்கு அதே தப்பைச் செய்திருந்தால் 1.04 என்று நல்ல பிள்ளை போல ஓர் எண் வந்திருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

இந்த இழப்பை முதலில் முறையாக அளந்தவர் பியேர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். 1725 நவம்பரில், பிரான்ஸின் மேற்குக் கடலோரத்தில் அவருடைய சொந்த ஊரான க்ரோசிக்கில். ஒளிமானி எதுவும் கிடையாது. கையிலிருந்தவை மெழுகுவத்திகளும் நிலாவும்தான். இந்த வெளிச்சம் அதைவிட எத்தனை மடங்கு என்று கேட்டால் கண்ணுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும் சமமா இல்லையா என்று கேட்டால் நன்றாகச் சொல்லும். பூகே பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். நிலா 66 பாகை உயரத்தில் இருந்தபோது அதன் ஒளி, 41 அடி தொலைவில் வைத்த நான்கு மெழுகுவத்தியின் ஒளிக்குச் சமமாக இருந்தது. நிலா 19 பாகையில் இருந்தபோது அதே மெழுகுவத்திகளை 50 அடிக்குத் தள்ளி வைத்தால்தான் சமமானது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும் என்பதால், 2500-க்கு 1681 என்ற விகிதம்.

இதை இன்றைய மொழியில் போட்டுப் பார்க்கலாம். அந்த விகிதம் 0.43 பொலிவெண். இரண்டு உயரங்களின் ஏர்மாஸ் 3.0, 1.1, வித்தியாசம் 1.9. வகுத்தால் k 0.22 வருகிறது. உச்சியில் வரும் ஒளியில் ஏறத்தாழ 81 சதவீதம் கீழே வந்து சேர்கிறது என்று பூகே எழுதினார், அதே கணக்குதான். நல்ல இரவில் கடல் மட்டத்தில் இன்றைக்கும் எதிர்பார்க்கக்கூடிய எண் இது. மெழுகுவத்தியை நகர்த்தி இவ்வளவு கிட்டே வந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். 1729-இல் இதை நூலாக்கினார். ஒளி ஒரு பொருளைக் கடக்கும்போது தேய்வது பற்றிய விதியை இன்று பாடப்புத்தகங்கள் லாம்பர்ட், பீர் என்ற இருவர் பெயரில் சொல்கின்றன. முதலில் சொன்ன பூகேயின் பெயர் பல புத்தகங்களில் விட்டுப்போய்விட்டது.

இன்று ஒரு இரவின் k-யைக் கண்டுபிடிக்கும் வழியும் பூகே காட்டியதுதான். ஒரே விண்மீனை அது இறங்க இறங்க அளந்துகொண்டே வர வேண்டும். ஏர்மாஸ் 1.1 இருக்கும்போது கருவி 8.33 காட்டுகிறது என்று வைப்போம். 1.5-இல் 8.45, 2.0-இல் 8.60, 2.6-இல் 8.78. வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு. கோட்டின் சாய்வு 0.30, அதுதான் k. கோட்டை இடப்பக்கம் நீட்டி ஏர்மாஸ் சுழியில் எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் 8.00, காற்றே இல்லாவிட்டால் கருவி காட்டியிருக்கும் எண். தரையில் நிற்கும் யாரும் ஏர்மாஸ் 1-க்குக் கீழே அளக்க முடியாது. 1-க்கும் சுழிக்கும் நடுவில் உள்ள துண்டு முழுக்க நம்பிக்கையில் நீட்டிய கோடு.

அந்த நம்பிக்கை என்னவென்றால், இந்த நான்கு அளவுகளும் எடுத்த மூன்று நான்கு மணி நேரமும் வானம் ஒரே மாதிரி இருந்தது என்பது. இருக்குமா? முன்னிரவில் தரையில் கிளம்பிய தூசு நேரம் போகப்போக அடங்கும். k 0.30-இலிருந்து மெல்ல 0.26-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். அதே விண்மீன் கடைசி அளவில் 8.78-க்குப் பதில் 8.68 காட்டும். கோடு போட்டால் அதுவும் பார்க்க நேராகவே இருக்கும்! சாய்வு 0.23, வெட்டும் இடம் 8.08. அந்த இரவில் எந்த நேரத்திலும் k 0.23 ஆக இருந்ததே இல்லை, ஆனால் வரைபடம் கம்பீரமாக அதைச் சொல்லும். புள்ளிகள் கோட்டில் அழகாக உட்கார்ந்தன என்பதற்காக விடையை நம்பக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். அவர்கள் செய்வது வேறு. மேற்கே இறங்கும் விண்மீன் ஒன்று, கிழக்கே ஏறும் விண்மீன் ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றி அளப்பார்கள். வானம் மாறிக்கொண்டிருந்தால் ஒன்றின் சாய்வு குறைந்தும் மற்றதன் சாய்வு கூடியும் குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்கென்றே பொலிவு துல்லியமாகத் தெரிந்த தர விண்மீன்களின் பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்க வானியலாளர் ஆர்லோ லேண்டோல்ட் 1973 முதல் வெளியிட்ட பட்டியல்கள் பெரும்பாலும் வான நடுக்கோட்டை ஒட்டிய விண்மீன்கள். வடக்கு, தெற்கு இரண்டு பக்க வானாய்வகங்களுக்கும் எட்டும்படி தேர்ந்தெடுத்தவை. நம் அகலாங்கில் அவை உச்சிக்கு அருகிலேயே போகும்.

சரி, காற்று ஒளியை எப்படித்தான் பிடிக்கிறது? மூன்று வழிகள். காற்றின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாக இருப்பதற்குக் காரணமான ரேலே சிதறல். அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்கு, ஆகவே நீலம் அதிகம் போகும், சிவப்பு தப்பிக்கும். அடுத்தது ஓசோன், புற ஊதாவை அடியோடு விழுங்கிவிடும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கொஞ்சம்தான். மூன்றாவது தூசு, புகை, உப்புத்துளி, ஈரப்பதத்தில் ஊதிப்போன துகள்கள். இது போக, சிவப்பைத் தாண்டினால் நீராவி தன் பங்குக்குச் சில பட்டைகளை எடுத்துக்கொள்ளும்.

கடல் மட்டத்தில் பச்சை-மஞ்சள் ஒளிக்கு, அதாவது V ஃபில்டருக்கு, மூலக்கூறுச் சிதறல் ஏறத்தாழ 0.10 பொலிவெண். ஓசோன் 0.03. இந்த இரண்டையும் காற்றழுத்தமானியையும் அட்டவணையையும் வைத்து வீட்டிலிருந்தே கணக்கிட்டுவிடலாம், இரவுக்கு இரவு பெரிதாக மாறாது. ஆனால் k 0.3 என்றால் மீதி 0.17 எங்கிருந்து வந்தது? அது முழுக்கத் தூசும் மூட்டமும். கணக்கிட முடிகிற பகுதி மாறுவதில்லை. மாறுகிற பகுதியைக் கணக்கிட முடிவதில்லை. புத்தகத்தில் போட்டிருக்கும் k-யையோ, போன மாதம் நண்பர் அளந்த k-யையோ எடுத்துப் போடுவது ஏன் தப்பு என்பதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

உயரம் போகப்போக இரண்டுமே குறையும். லடாக்கில் ஹான்லே வானாய்வகம் 4500 மீட்டர் உயரத்தில், வறண்ட குளிர்ப் பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே V ஃபில்டரில் k 0.12 அளவில் நிற்கும். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் 725 மீட்டர்தான். மரங்களும் ஈரமும் சூழ்ந்த இடம், இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும். இரவுகளை வானியலாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: பொலிவு அளக்க ஏற்ற இரவு, நிறமாலை எடுக்க மட்டும் ஏற்ற இரவு. மெல்லிய மேகம் படர்ந்தாலும் நிறமாலையின் கோடுகள் இடம் மாறாது, அதனால் அந்த இரவும் வீணில்லை. பொலிவு அளப்பவருக்கு அதே மேகம் இரவையே கெடுத்துவிடும்.

ஸ்பெயினின் லா பால்மா தீவில் கார்ல்ஸ்பெர்க் மெரிடியன் தொலைநோக்கி 1984-இலிருந்து இரவு தவறாமல் k-யை அளந்து பதிந்துவந்தது. பக்கத்து ஆப்பிரிக்காவிலிருந்து சஹாரா மணல் பறந்து வரும் கோடைக்காலங்கள் அதில் முள்முள்ளாகத் தெரியும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டூபோ எரிமலை வெடித்தபின் வரைபடம் மொத்தமாக ஒரு படி மேலேறி, பழைய இடத்துக்கு இறங்க ஆண்டுகள் பிடித்தது. பூமியின் மறுபக்கத்தில் வெடித்த மலையின் கந்தக மூட்டம் அட்லாண்டிக் தீவில் விண்மீன்களை மங்கவைத்தது. வானியலாளருக்கு அது தொல்லை, காலநிலை ஆராய்பவருக்கு அதே பதிவு புதையல்.

சென்னையில் நடந்த ஒரு கண்டுபிடிப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். போக்சனிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனை, அதாவது வெளிச்சம் கூடிக் குறையும் விண்மீனை, கண்டுபிடித்தார். தென் வானத்தில் ஆழத்தில் இருக்கும் விண்மீன் அது. சென்னையில் எவ்வளவு ஏறினாலும் 14 பாகைதான். ஏர்மாஸ் 4-க்கு மேல். k 0.3 என்று வைத்தால் 1.2 பொலிவெண் காற்றோடு போய்விடும்; அதாவது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கண்ணுக்கு வரும். அந்த உயரத்தில் k சிறிது ஏறி இறங்கினாலே விண்மீன் மாறுவது போலத் தோன்றும். நல்லவேளை, இது மிரா வகை. ஒன்பது மாதச் சுற்றில் பொலிவு பல எண்கள் ஏறி இறங்கும். காற்று எத்தனை விளையாட்டுக் காட்டினாலும் அந்த ஏற்ற இறக்கத்தை மறைக்க முடியாது. கால் பொலிவெண் மட்டும் மாறும் விண்மீனாக இருந்திருந்தால் அந்த இடத்தில் யாரும் பிடித்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மங்கலான விண்மீன்களைக் கேமராவில் படமெடுப்பவர்கள் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள். அளக்க வேண்டியதும் ஒப்பிட வேண்டியதும் ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் விழும். இரண்டும் ஒரே காற்றைக் கடந்து வந்தவை. வித்தியாசம் எடுத்தால் காற்று தானாகக் கழிந்துவிடும். சேர்த்துத் திருத்துவதைவிடத் திருத்தவே தேவையில்லாதபடி அளப்பது எப்போதும் மேல். ஆனால் ரொம்பப் பிரகாசமான விண்மீனுக்கு இந்தச் சலுகை கிடையாது. பக்கத்தில் சமமான துணை இருக்காது.

2019 கடைசியில் திருவாதிரை, அதாவது பெட்டல்ஜியூஸ், மங்கத் தொடங்கியபோது இது எல்லாருக்கும் புரிந்தது. வழக்கமாக 0.5 அளவில் இருப்பது 2020 பிப்ரவரியில் 1.6 வரை போனது. வெடிக்கப்போகிறதா என்று உலகமே நிமிர்ந்து பார்த்தது. வெறுங்கண்ணால் மதிப்பிட்டவர்களும் ஏராளம். பிப்ரவரி முன்னிரவில் நம் ஊரில் அது உச்சிக்கு அருகில், தொல்லை இல்லை. ஏப்ரல் கடைசிக்கு வாருங்கள். இரவு எட்டேகால் மணி வாக்கில் மேற்கே 20 பாகைக்கு இறங்கிவிட்டது. புனர்பூசத்தின் பொலக்ஸ் 47 பாகையில் இருக்கிறது. k 0.3 என்றே வைத்து அதோடு ஒப்பிட்டால் திருவாதிரை 0.46 பொலிவெண் கூடுதலாக மங்கியது போலத் தெரியும். சரி, திருவாதிரை இருக்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்திலேயே உள்ள பெல்லாட்ரிக்ஸோடு ஒப்பிடுவோமே என்றால், அது முந்திக்கொண்டு 13 பாகைக்கு இறங்கிவிட்டது. இப்போது திருவாதிரை ஏறத்தாழ 0.45 கூடுதல் பிரகாசமாகத் தெரியும். ஒரே கண், ஒரே நேரம், துணை மாறினால் விடை கிட்டத்தட்ட ஒரு பொலிவெண் நகர்கிறது.

இதில் நிறமும் நுழையும். பெட்டல்ஜியூஸ் சிவப்பு, பெல்லாட்ரிக்ஸ் நீலம். நீல ஃபில்டர் போட்டு அளந்தாலும், அந்த ஃபில்டருக்குள்ளேயே நீல விண்மீனின் ஒளி நீல ஓரத்தில் குவிந்திருக்கும், சிவப்பு விண்மீனுடையது சிவப்பு ஓரத்தில். காற்று நீல ஓரத்தை அதிகம் பிடிப்பதால், ஒரே உயரத்தில் நின்றாலும் இரண்டுக்கும் k வேறு. இந்த ஜோடிக்கு ஏர்மாஸ் 2-இல் வித்தியாசம் 0.1 பொலிவெண்ணைத் தாண்டும். இதை இரண்டாம் படித் திருத்தம் என்பார்கள். V ஃபில்டரில் இது மிகச் சிறியது. மாறொளிர் விண்மீன் அளக்கத் தொடங்குகிறவர்களை முதலில் V போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருவாதிரையின் அந்த மங்கலுக்கு வானியலாளர்கள் கண்ட முக்கியக் காரணம், விண்மீன் தானே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி நம் பார்வைக்குக் குறுக்கே நின்றது. அங்கே ஒரு தூசு, இங்கே நம் காற்றில் ஒரு தூசு. முதலாவதை அளக்க இரண்டாவதைக் கழிக்க வேண்டியிருந்தது. மே மாதம் முதல் சில மாதங்கள் திருவாதிரை சூரியனுக்குப் பின்னால் போய்விடும், தரையிலிருந்து அளக்கவே வழியில்லை. அந்த இடைவெளியில் கைகொடுத்தது சூரியனைப் பார்க்க அனுப்பிய ஸ்டீரியோ விண்கலம். அப்புறம் ஜப்பானில் சிலர் ஹிமாவாரி-8 என்ற வானிலைச் செயற்கைக்கோளின் பழைய படங்களைக் கிளறினார்கள். பூமியின் மேகங்களை எடுக்கும் அந்தப் படங்களின் ஓரத்தில், பூமி வட்டத்துக்கு வெளியே உள்ள கறுப்பில், அவ்வப்போது ஒரு புள்ளியாகத் திருவாதிரை விழுந்திருந்தது. 2017 முதல் 2021 வரை, நடுவில் காற்றே இல்லாமல் எடுத்த அளவுகள்.